மானிங்ரிடாவில் யாரும் ஒற்றை மொழிக்காரர் இல்லை

ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள், "ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தமிழ்தான் பேசுறாங்களாமே, வாட்ஸாப்ல வந்துச்சே?" என்று. ஆசையாகத்தான் கேட்கிறார்கள். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் வட கோடியில் உள்ள டார்வினில். காது பரிசோதனைக் குழுவோடு சின்ன விமானத்தில், கிழக்கே பூர்வகுடிகளின் நிலமான ஆர்னெம் லாண்ட் கிராமங்களுக்குப் போய்வருவதுதான் என் வேலை, அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. போனில் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததே இல்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

இல்லை, அவர்கள் பேசுவது தமிழ் இல்லை. ஆங்கிலேயர் வந்து இறங்கிய 1788இல் அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. அவற்றில் எதுவும் தமிழின் கிளை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் உள்ளிட்ட சிலர் பிரதிப்பெயர்களை வைத்து ஓர் உறவு இருக்கலாம் என்று ஊகித்தார்கள்தான், ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2013இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆட்கள் போய்க் கலந்திருக்கலாம் என்றது. நம் வாட்ஸாப் குழுக்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். 2016இல் ஆண்வழி மரபணுவை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது, அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. 200 ஆண்டுகளாக நிலத்தையும் பிள்ளைகளையும் மொழியையும் பறிகொடுத்த மக்களிடம் போய், மிச்சம் வைத்திருக்கும் மொழியையும் "அது எங்களுடையது" என்று நாம் சொல்லக்கூடாது.

சரி, அப்படியென்றால் அங்கே என்னதான் பேசுகிறார்கள்? எனக்கு ஓரளவு பழக்கமான ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். மானிங்ரிடா. டார்வினுக்குக் கிழக்கே, லிவர்பூல் ஆறு அரஃபுரா கடலில் சேருகிற இடம், விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் மண்சாலை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும், கடைச் சாமானெல்லாம் கப்பலில்தான் வரும். ஊரில் சுமார் 2,500 பேர். அந்த 2,500 பேருக்குள் ஜெப்பனா, நா-காரா, புரரா, குர்-கோனி, குனிஞ்கு, குனே, ரெம்பார்ங்கா, தலபோன், குன்பார்லாங், ஜினாங், வுர்லகி, கனல்பிங்கு என்று ஒரு டஜன் மொழிகள், அதற்கு மேல் ஆங்கிலம். ஒரே மொழியின் வட்டார வழக்குகளை இப்படிப் பிரித்து எண்ணுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குனேயும் குனிஞ்குவும் நெருங்கியவை, அது உண்மை. ஆனால் ஜெப்பனாவும் குனிஞ்குவும் ஜினாங்கும் மூன்று தனித்தனிக் குடும்பங்கள். ஜினாங்கின் குடும்பம் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிக் கிடப்பது, மற்ற இரண்டும் வடக்கு ஓரத்துக்கே உரியவை. நம் ஊர் ஒன்றில் ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் இந்தியும் அதற்கடுத்ததில் சந்தாலியும் தலைமுறை தலைமுறையாகப் பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

ஊர் என்று பார்த்தால் மானிங்ரிடா புதிய ஊர்தான். 1949இல் அரசு அங்கே ஒரு வணிக நிலையம் வைத்துப் பார்த்தது, சீக்கிரமே மூடிவிட்டது, பிறகு 1957இல் நிரந்தரக் குடியிருப்பாக மறுபடி தொடங்கியது. மக்கள் டார்வினை நோக்கி நடந்துபோவதைத் தடுப்பது ஒரு நோக்கம். சுற்றியிருந்த நிலங்களிலிருந்து ஒவ்வொரு குடியாக வந்து சேர்ந்தார்கள், வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசைப் பக்கமாகவே குடிசை போட்டார்கள். ஊர் நிற்கும் நிலம் குனிபிஜி மக்களுடையது, அவர்கள் மொழி ஜெப்பனா. இன்று ஊரில் அதிகம் காதில் விழுவது ஆயிரம் பேர் அளவில் பேசும் புரரா. ஜெப்பனா பேசுவோர் அதில் கால் பங்குகூட இருக்கமாட்டார்கள். ஆனாலும் இது ஜெப்பனா ஊர் என்பதில் புரராக்காரர் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது.

இதை நான் புரிந்துகொண்டது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான். காலையில் காற்று கொஞ்சம் இருக்கும்போதே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் காதுக்குள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பையன், ஆறு வயது இருக்கும், அம்மாவைப் பெற்ற பாட்டியோடு வந்திருந்தான். பக்கத்தில் அப்பா வழி அத்தைப் பாட்டி ஒருவர். அம்மாச்சி பேசியது முழுக்கக் குனிஞ்கு, அத்தைப் பாட்டி பேசியது முழுக்கப் புரரா. கேள்வி ஒரு மொழியில் போகிறது, பதில் இன்னொரு மொழியில் வருகிறது, நடுவே இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், யாரும் யாருக்காகவும் மொழி மாறவில்லை. பையன் இருவருக்கும் புரராவில் பதில் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் அந்த ஹெட்போனைத் தலையில் மாட்டச் சொன்னான். எனக்கு உதவிக்கு இருந்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரிடம், அம்மாச்சிக்குப் புரரா பேச வராதா என்று மெதுவாகக் கேட்டேன். நன்றாக வரும் என்றார். பிறகு ஏன் பேசவில்லை என்றால், அது அவர் மொழி இல்லையே என்பதுதான் பதில். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார்.

மொழியியலாளர்கள் இதை மானிங்ரிடாவிலும், மேற்கே கடலுக்குள் தெற்கு கூல்பர்ன் தீவில் உள்ள வருவி கிராமத்திலும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வருவியில் சுமார் 500 பேர்தான், அங்கேயும் ஒன்பது, பத்து மொழிகள். கணவன் அந்தத் தீவின் மொழியான மவுங் பேச, மனைவி குனிஞ்குவுக்கு நெருங்கிய குன்வின்ஜ்குவில் பதில் சொல்லியே காலம் முழுக்கக் குடும்பம் நடத்த முடிகிறது. எல்லோருக்கும் பல மொழி புரியும், ஆனால் எதைப் பேசலாம் என்பது தெரிந்த மொழி எது என்பதைப் பொறுத்தது இல்லை, உரிமை எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொழி நிலத்துக்குச் சொந்தம், நிலம் குடிக்குச் சொந்தம், குடி பெரும்பாலும் அப்பா வழியில் வருவது. ஆதியில் வரமுருங்குஞ்சி என்ற தாய் கடலிலிருந்து கரையேறி உள்நாட்டுக்கு நடந்து போனாள், போகிற வழியில் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகளை வைத்து, இது உன் இடம், இது உன் மொழி என்று சொல்லிக்கொண்டே போனாள் என்பது அந்தக் கரையோரத்துக் கதை. பல மொழிகளைச் சாபமாகச் சொல்லும் பாபேல் கோபுரக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் கையால் பிரித்துக் கொடுத்த சொத்தாக மொழியைச் சொல்லும் இந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று.

இதில் இன்னொன்று இருக்கிறது. ஒருவர் தன் மொழி குர்-கோனி என்று சொல்வார், நாள் முழுக்க அவர் வாயில் வருவது புரராவாக இருக்கும். பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. சொந்த நிலத்தில் குடியிருக்காவிட்டாலும் நிலம் அவருடையதுதானே, மொழியும் அப்படித்தான். ஆனால் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் என்ன கேட்கிறது? வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழி பேசுகிறீர்கள், ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறது. மானிங்ரிடாவில் எந்த வீட்டில் போய் இதைக் கேட்பது? ஐந்து மொழி கேட்டு, மூன்று பேசி, நான்காவதற்கு உரிமை உள்ள ஒருவரை ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் மற்றதெல்லாம் புள்ளிவிவரத்தில் காணாமல் போகும், அப்புறம் அந்தப் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் பணமும் மொழிபெயர்ப்பாளரும் ஒதுக்கப்படுவார்கள்.

குர்-கோனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேசுவோர் நூறு பேர்கூட இல்லை. இந்த எண்ணைக் கேட்டவுடனே நாம் "அழியப் போகிறது" என்று உச்சுக் கொட்டுவோம். கோடிக் கணக்கில் பேசப்படும் மொழிக்காரர்கள் நாம், மொழியின் பலத்தைத் தலையெண்ணித்தான் பழக்கம். ஆனால் குர்-கோனி எப்போதுமே ஒரு சில குடிகளின் மொழியாகத்தான் இருந்திருக்கிறது, அந்தப் பகுதியில் பல மொழிகளின் இயல்பான அளவே அதுதான். இத்தனை சின்ன மொழி எப்படிப் பல தலைமுறை நின்றது? தனியாக ஒதுங்கிக் கிடந்ததால் என்று நினைத்தால் தப்பு. அதைப் பேசியவர் ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்து மொழிகள் தெரியும், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு அது புரியும், யாரும் அதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. சின்ன மொழியைக் காப்பாற்றியது பக்கத்து மொழிக்காரர்களின் காது என்றுதான் நான் சொல்வேன். இது என் முடிவு, அங்கே போய்வரப் போய்வர இன்னும் உறுதியாகிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு மொழிக்குள்ளேயும் அடுக்குகள் உண்டு. குனிஞ்கு பேசுவோர் மாமியார் முறை உள்ளவர்களிடம் சாதாரணப் பேச்சைப் பேசமாட்டார்கள். அதற்கென்றே குன்-குர்ங் என்று ஒரு தனிப் பேச்சு இருக்கிறது, இலக்கணம் அதேதான், சொற்கள் வேறு. மருமகன் மாமியார் முன்னால் நேராக நின்று பேசுவதே முறையில்லை என்ற வழக்கம் நம் பாட்டிமார்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். அப்பாவின் தம்பியும் அப்பாதான், அம்மாவின் தங்கையும் அம்மாதான், ஆனால் மாமனும் அத்தையும் வேறு கணக்கு என்பதும் அப்படித்தான். உறவுமுறை அமைப்பில் இருக்கும் இந்த ஒற்றுமையை மானிடவியலாளர்களும் பேசுகிறார்கள். ஒற்றுமை என்றுதான் சொல்கிறார்கள், வம்சாவளி என்று சொல்லவில்லை.

ஒலியிலும் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன். இந்த மொழிகளில் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் மேலே தொடுவதும், பின்னால் வளைவதும் வேறு வேறு ஒலிகள். ஆங்கிலம் பேசும் சக ஊழியர்கள் ஒரே 'ன'வாகக் கேட்பது எனக்கு ன என்றும் ண என்றும் தனியாகக் கேட்கிறது. நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி அங்கே சர்வசாதாரணம். ஒரு குழந்தையின் பெயரை ஓரளவு சரியாகக் கூப்பிட்டுவிட்டால் பாட்டிமார் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். தமிழனாக இருப்பதால் எனக்கு அங்கே கிடைத்த உண்மையான லாபம் இது ஒன்றுதான், இதுவே போதும்.

அதே ஒலிகளில்தான் என் வேலையின் கவலையும் இருக்கிறது. தொலைதூரப் பூர்வகுடிக் கிராமங்களில் குழந்தைகளுக்கு நடுக்காது தொற்று வரும் விகிதம் உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. பிறந்து சில மாதங்களிலேயே தொடங்கிவிடும், காதில் சீழ் வடியும், செவிப்பறை ஓட்டையாகும், பள்ளிக்கு வரும் வயதில் பாதிச் சத்தம்தான் உள்ளே போகும். நெரிசலான வீடு, தண்ணீர் வசதிக் குறைவு, வறுமை, இவைதான் காரணம். இந்தப் பகுதி மொழிகளில் பெரும்பாலும் ஸ், ஃப் போன்ற உரசொலிகள் கிடையாது. நாள்பட்ட காது நோய்க்கும் இந்த ஒலி அமைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆண்ட்ரூ பட்சர் என்ற ஒலியியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது கருதுகோள்தான். ஆனால் வகுப்பறையில் நடப்பது கருதுகோள் இல்லை. மங்கலாகக் கேட்கும் காதோடு ஒரு குழந்தை, சத்தமான ஃபேனுக்குக் கீழே, ஸ்ஸும் ஃப்பும் நிறைந்த, வீட்டில் யாரும் பேசாத ஆங்கிலத்தில் முதல் எழுத்தைக் கற்கிறது. வீட்டு மொழியில் சொன்னால் பாதி கேட்டாலும் மீதியை அந்தக் குழந்தையே ஊகித்துக்கொள்ளும். தெரியாத மொழியில் எதை வைத்து ஊகிப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நல்ல பதில் இருந்தது. 1972இல் பிரதமர் விட்லமின் அரசு வந்ததும், டார்வினும் மானிங்ரிடாவும் அடங்கிய வடக்கு ஆட்சிப்பகுதியின் பள்ளிகளில் இருமொழிக் கல்வியை அறிவித்தது. மானிங்ரிடா பள்ளியில் 1980களில் ஜெப்பனாவிலும் புரராவிலும் பாடம் நடந்தது, உள்ளூர் ஆட்களே உட்கார்ந்து வாசிப்புப் புத்தகங்கள் எழுதிப் படம் வரைந்து அங்கேயே அச்சடித்தார்கள். 1998 டிசம்பரில் ஆட்சிப்பகுதி அரசு இருமொழித் திட்டங்களை நிறுத்தப்போவதாகச் சொன்னது, எதிர்ப்பு பலமாக வந்ததால் வேறு பெயரில் ஒருவாறு தொடர்ந்தது. 2008 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு, தினமும் பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம் மட்டும். காலையில் தெளிவாக இருக்கும் நேரம் ஆங்கிலத்துக்கு, வெயிலில் சோர்ந்து கண் சொருகும் பிற்பகல் சொந்த மொழிக்கு. பின்னால் அந்தப் பிடி தளர்ந்தது என்றாலும், ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களைத் திரும்பக் கொண்டுவருவது அத்தனை சுலபம் இல்லை. இப்போது அங்கே லுர்ரா என்ற மொழி, பண்பாட்டுக் குழு பள்ளிக்குள் இருந்துகொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் நிறுவனங்கள் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவை சாய ஆரம்பிக்கின்றன. டார்வினுக்குத் தென்மேற்கே வடேயிப் பகுதியில் 1935இல் கத்தோலிக்க மிஷன் வந்தது, சுற்றியிருந்த பல மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள், அந்த நிலத்தின் மொழியான முர்ரின்-பதா எல்லோருக்கும் பொதுவாகி இன்று வலுவாக நிற்கிறது, குழந்தைகள் எல்லோரும் அதைப் பேசுகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் மர்ரி ங்கர், மகதி கே போன்ற பக்கத்து மொழிகள் தேய்ந்து சில முதியவர்களோடு நின்றுவிட்டன. தென்கிழக்கே ரோப்பர் ஆற்றுப் பக்கம் நடந்தது இன்னும் கொடுமை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாட்டுப்பண்ணை நிறுவனம் ஒன்று மக்களை வேட்டையாடியது, தப்பியவர்கள் 1908இல் தொடங்கிய மிஷனில் அடைக்கலம் புகுந்தார்கள். பல மொழிக் குழந்தைகள் அங்கே ஒன்றாக வளர்ந்ததில் ஆங்கிலச் சொற்களை வைத்துப் பிறந்த கிரியோல் அவர்கள் மொழியாயிற்று. கிரியோலும் ஒரு முழு மொழிதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அது எந்தச் சூழலில் பிறந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

மானிங்ரிடாப் பக்கம் பண்ணைகள் நிலைக்கவில்லை, 1931இல் ஆர்னெம் லாண்ட் பூர்வகுடி ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது, 1976இன் நில உரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிலம் சட்டப்படியும் அவர்கள் கையில் வந்தது. 1970களில் பல குடும்பங்கள் குடியிருப்பை விட்டுத் தங்கள் நிலத்துக்கே திரும்பிப்போய்ச் சின்னச் சின்ன ஊர்கள் அமைத்தார்கள், குனிஞ்கு மக்களின் முமேகா அப்படிப்பட்ட ஒன்று. நிலம் போன இடத்தில் மொழி போயிற்று, நிலம் இருந்த இடத்தில் மொழி இருக்கிறது. 2020இல் வந்த தேசிய அறிக்கை, நாடு முழுக்க 123 பூர்வகுடி மொழிகள் ஏதோ ஓர் அளவில் புழக்கத்தில் இருப்பதாகவும், அவற்றில் 12 மட்டுமே குழந்தைகள் வரை வலுவாக இருப்பதாகவும் சொல்கிறது. அந்த 12ஐ மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

இளைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். மானிங்ரிடாவில் ரிப்பிள் எஃபெக்ட் பேண்ட் என்று முழுக்கப் பெண்களே நடத்தும் ஒரு ராக் குழு இருக்கிறது, ஜெப்பனா, புரரா, நா-காரா, குனே, ஆங்கிலம் என்று ஐந்து மொழிகளில் பாடுகிறார்கள். கால்பந்து மைதானத்துப் பக்கம் போனால் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்து பறக்கும். பெரியவர்களுக்கு அந்தக் கலப்பில் வருத்தம் உண்டு, சத்தம் போடுவார்கள். எனக்கு அது பற்றிப் பெரிய கவலை இல்லை, வீட்டில் பாட்டியின் மொழி காதில் விழுந்துகொண்டிருக்கும் வரை.

எங்கள் வேலையில் நாங்களும் மெதுவாக மாறியிருக்கிறோம். அரசின் பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவை 2000இலிருந்து இருக்கிறது, ஆனால் புரரா மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டால் மட்டும் வேலை நடக்காது. வருபவர் அந்தத் தாய்க்கு மருமகன் முறையாக இருந்துவிட்டால் இருவருமே வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே இப்போது முதலில் உள்ளூர்ப் பணியாளரிடம், இந்தக் குடும்பத்தோடு யார் பேசலாம் என்று கேட்கிறோம். மொழி அதற்கப்புறம். காதுச் சீழை எப்படித் துடைப்பது, மருந்து எத்தனை நாள், ஏன் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதைப் புரராவிலும் குனிஞ்குவிலும் ஊர்க்காரர்கள் குரலிலேயே பதிவுசெய்து டேப்லெட்டில் வைத்திருக்கிறோம். போன முறை ஒரு தாத்தா பேரனோடு உட்கார்ந்து புரராப் பதிவைப் பொறுமையாக முழுக்கக் கேட்டார், புரிந்தது என்றார். பிறகு நா-காராவில் ஏன் இல்லை என்று கேட்டார். எல்லோருக்கும் புரராதான் புரிகிறதே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்ல, தன் பேரன் நா-காரா பையன், ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனிடம் அவன் மொழியில் பேசட்டும் என்றார். தானே பேசித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். மழை பிடிப்பதற்குள் போய்ப் பதிவுசெய்துவிட வேண்டும். ஜெப்பனாவுக்கு இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள், குர்-கோனிக்கு ஆள் சொல்லிவிட்டிருக்கிறோம்.